தூசி படிந்த நுரையீரல்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

தொற்றுநோய் ஒன்று மனிதரைப் பற்றுவதற்குக் கிருமி மட்டும் போதுமானதன்று. கிருமி வேரூன்றுவதற்கு உடலும் இடங்கொடுத்தல் வேண்டும். காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கண்டறிந்தார். உலக மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருடைய உடலில் இக்கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வாறு கிருமி புகுந்தவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையிலேதான் தம் வாழ்நாளில் நோயாளியாகின்றனர். ஏனையோர் உடலில் எதிர்ப்பு ஆற்றல் அதனைச் சிறைப்படுத்தி வைக்கிறது. சிறையின் சுவர் தளரும்போது கிருமி வெளிப்படுகிறது.

சுவர் தளர்வதற்குரிய காரணங்கள் யாவை என்று ஒரு கள ஊழியரைக் கேட்டால், அவர் தயக்கமின்றி விடை கூறுவார்: எச்.ஐ.வி. தொற்று, நீரிழிவு, ஊட்டக்குறைவு, புகைபிடித்தல், மதுப்பழக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய்க்கான சிகிச்சை, நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகள், முதுமை. இப்பட்டியலில் தவறேதும் இல்லை. ஆனால் குறை ஒன்று உண்டு. அந்த மனிதர் தம் வாழ்நாளில் என்ன வேலை செய்தார் என்ற வினா அதில் இடம்பெறுவதில்லை. அவ்வினா ஏன் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்குக் கோலார் தங்கவயலைக் காட்டிலும் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

பாறையும் தூசியும்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் தொடங்கிய தங்கச் சுரங்கத் தொழில், 1956இல் மைசூர் அரசின் உடைமையாயிற்று. 1962இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக உருப்பெற்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் அங்கு ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்றது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து வந்த பல்லாயிரவர், தலைமுறை தலைமுறையாக அவ்வாழத்தில் இறங்கி உழைத்தனர்.

தங்கம் அங்குத் தனியே கிடைப்பதன்று. வெங்கச்சங்கல் என்று கிராமத்தார் கூறும் குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளிலே நுண்ணிய துகள்களாக அது கலந்திருந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்காவின் படிக வடிவம். பாறையில் துளையிடும்போதும், வெடி வைக்கும்போதும், உடைந்த கல்லை வாரும்போதும், மேலே கொணர்ந்து ஆலையில் பொடியாக்கும்போதும் அச்சிலிக்கா தூசியாகிக் காற்றில் கலந்தது. கண்ணுக்குத் தெரியும் தூசி அத்துணைக் கேடு விளைப்பதன்று. மூக்கும் தொண்டையும் அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஐந்து பங்கு என்னும் அளவினதாகிய, கண்ணுக்குத் தெரியாத தூசியே மூச்சுக்குழல்களைக் கடந்து நுரையீரலின் காற்றறைகளை அடைகிறது. புதிதாக உடைந்த பாறையின் தூசி, பழந்தூசியினும் கொடியது என்பதும் ஆராய்ச்சியால் அறியப்பட்டுள்ளது.

தூசியை அடக்குவதற்கு வழி இல்லாமற் போகவில்லை. துளையிடும் கருவியின் நடுவே நீரைச் செலுத்தும் ஈரத் துளை முறையும், காற்றோட்ட ஏற்பாடுகளும் தூசியைப் பெரிதும் குறைத்தன. ஆனால் முன்னரே நுரையீரலில் படிந்துவிட்ட துகளை வெளியேற்றுவதற்கு அன்றும் வழியில்லை, இன்றும் வழியில்லை. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் பற்றிய முதல் அறிக்கை 1947ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே வெளிவந்தது. 1940-களில் அங்குப் பரிசோதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயின் அடையாளங்கள் காணப்பட்டன.

தூசி எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் விதம்

நுரையீரலின் காற்றறைகளில் விழுங்கணுக்கள் என்னும் காவலர்கள் உலவுகின்றன. உள்ளே வரும் அயற்பொருளை விழுங்கிச் செரித்துவிடுவது இவற்றின் தொழில். பாக்டீரியாவை விழுங்கினால், பெரும்பாலும் அதனைக் கொன்றுவிடும். சிலிக்காத் துகளை விழுங்கும்போதோ நிலைமை தலைகீழாகிறது. துகள் செரிப்பதில்லை. அதனைப் பொதிந்துள்ள சிறு பை கிழிந்து, உள்ளிருந்த செரிமானப் பொருள்கள் அணுவுக்குள்ளேயே கசிகின்றன. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. முடிவில் விழுங்கணு மடிகிறது. மடிந்த அணுவிலிருந்து வெளிப்படும் துகளை அடுத்த அணு விழுங்கி, அதுவும் மடிகிறது. ஒரே துகள் இவ்வாறு காவலர்களை ஒருவர் பின் ஒருவராக அழித்துக்கொண்டே செல்லும். அழற்சி ஏற்பட்ட இடங்களில் தழும்பு தோன்றி, சிறு முடிச்சுகளாகத் திரள்கிறது. அதுவே சிலிகோசிஸ்.

காசநோய்க் கிருமியின் இயல்பை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அக்கிருமி விழுங்கணுவுக்குள்ளேயே தங்கி வாழும் ஆற்றல் பெற்றது. விழுங்கணு வலுவாக இருந்தால் கிருமியை அடக்கிவைக்கும். சிலிக்காவால் நலிந்திருந்தால் கிருமியே வெல்லும். ஆகவே சுரங்கத் தொழிலாளியின் எதிர்ப்பாற்றல் இரத்தப் பரிசோதனையில் குறைந்து தோன்றாவிடினும், கிருமி நுழையும் வாயிலாகிய நுரையீரலிலேயே குறைந்திருக்கிறது. இவ்வகைக் குறைவு பொதுவான பட்டியல்களில் எளிதில் விடுபட்டுப் போவதற்கு இதுவே காரணம்.

பல நாடுகளின் ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் ஏறக்குறைய நான்கு மடங்காகும் எனத் தெரியவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகள் மேலும் இரு செய்திகளை வெளிப்படுத்தின. சிலிகோசிஸ் எக்ஸ்-ரே படத்தில் தோன்றுவதற்கு முன்பே, தூசியை மிகுதியாகச் சுவாசித்தவருக்குக் காசநோய் வாய்ப்பு உயர்கிறது என்பது ஒன்று. சுரங்க வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வாய்ப்பு நீங்குவதில்லை என்பது மற்றொன்று.

காசநோய் மட்டுமன்று. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவும் சுரங்கத் தொழிலாளரை மிகுதியாகத் தாக்கிய ஒன்று. அந்நோய்க்கான தடுப்பூசியை ஆல்ம்ராத் ரைட் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலேயே. 1970-களில் ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்பார் புதிய தடுப்பூசியின் பயனை நிறுவியதும் அங்கேயே. மருத்துவ நூல்களில் இடம்பெற்ற அத்தடுப்பூசியின் வரலாற்றில் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் மறைந்து நிற்கிறது.

ஒன்றோடொன்று சேரும் இடர்கள்

தூசி ஒன்றே நின்று கேடு செய்வதன்று. எச்.ஐ.வி. தொற்றும் சிலிகோசிஸும் ஒருவரிடம் சேரும்போது காசநோய் வாய்ப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு மட்டுமே அவ்வாய்ப்பை ஏறக்குறைய மும்மடங்காக்குகிறது. முன்னாள் தொழிலாளர்கள் ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளைக் கடந்து வருகின்றனர். நீரிழிவு தோன்றும் வயதும் அதுவே. பீடியும் சிகரெட்டும் தூசியால் நலிந்த நுரையீரலை மேலும் நலிவிக்கின்றன.

இங்கு எளிதில் கவனத்துக்கு வராத இடர் ஒன்று உண்டு. மூச்சிரைப்பால் துன்புறுவோர், விரைவில் ஆறுதல் தருகிறது என்னும் காரணத்தால், மருத்துவர் முன்னொரு முறை எழுதித்தந்த ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக் கணக்கில் உட்கொள்வதுண்டு. அம்மாத்திரை அழற்சியைத் தணிக்கும்போதே எதிர்ப்பாற்றலையும் தணித்துவிடுகிறது. ஏற்கெனவே காவல் குறைந்த நுரையீரலில் எஞ்சிய காவலரையும் உறங்க வைப்பதற்கு இது ஒப்பாகும். மூச்சிரைப்புள்ள முதியவரிடம் என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார் என்று கேட்டு, மாத்திரை அட்டையைக் காணுதல் கள ஊழியரின் கடமையாகும்.

உணவின் பங்கும் சிறிதன்று. ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளரின் குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்களும் நுண்சத்துகளும் வழங்கப்பட்டபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது எனக் காட்டியது. இதனை முன்னின்று நடத்தியோர் கர்நாடகத்தின் மங்களூரில் பணியாற்றும் மருத்துவர்கள். மருந்தகத்தைப் போலவே சமையலறையும் நோய்த்தடுப்பின் இடம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. காசநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2018 முதல் மாதந்தோறும் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளோர் ஒருவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது கள ஊழியரின் கையில் உள்ளது.

வீடும் ஓர் இடர்க்காரணமே. சுரங்கத் தொழிலாளருக்கு முற்காலத்தில் அமைக்கப்பட்ட தட்டி வீடுகளும் வரிசை வீடுகளும் மிகச் சிறியவை. ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டில், இருமும் முதியவரின் மூச்சிலிருந்து கிருமி பேரக்குழந்தையை அடைவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. சிலிகோசிஸ் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. அதன்மேல் வந்து சேரும் காசநோயோ தொற்றும் இயல்பினது. சுரங்கத்தில் ஒருநாளும் கால் வைக்காத குழந்தையும் சுரங்கத்தின் பயனை இவ்வாறு அனுபவிக்க நேர்கிறது.

ஏமாற்றும் நிழல்கள்

சிலிகோசிஸும் காசநோயும் எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியையே பெரும்பாலும் நாடி நிற்கின்றன. இரண்டிலும் இருமல் உண்டு. மூச்சுத் திணறல் உண்டு. உடல் மெலிவும் உண்டு. இதனால் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன.

முதலாவது தவறு: சிலிகோசிஸ் மட்டுமே உள்ளவரைக் காசநோயாளி என்று கருதி மருந்து கொடுப்பது. ஆறு மாதம் கழிந்தும் நிழல் மறைவதில்லை. மறுபடியும் மருந்து தொடங்கப்படுகிறது. கல்லுடைக்கும் தொழிலாளர், கற்பலகைத் தொழிலாளர் முதலியோரிடையே இத்தவறு நாட்டின் பல பகுதிகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டாவது தவறு: நிழலைக் கண்டு, "இது பழைய சுரங்கத் தூசிதான், இதற்கு மருந்தில்லை" என்று கூறி அனுப்பிவிடுவது. உள்ளே வளரும் காசநோய் அவ்வாறு மறைந்து, அந்த வீடு முழுவதும் பரவுகிறது. முதல் தவறு ஒருவரை வருத்துகிறது. இரண்டாவது தவறு குடும்பத்தையே வருத்துகிறது.

இத்தவறுகளைத் தவிர்க்க வழி உண்டு. தழும்பு முடிச்சுகளுக்குள் கிருமி அடைபட்டிருப்பதால் சளியில் அது சிறிதளவே வெளிப்படலாம். ஆதலால் நுண்ணோக்கிச் சோதனையோடு அமையாமல், ட்ரூநாட் போன்ற மூலக்கூறுச் சோதனைக்குச் சளியை அனுப்புதல் வேண்டும். காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம், அண்மையில் விரைந்து குறைந்த உடல் எடை ஆகியவை தூசியால் மட்டும் தோன்றுவன அல்ல என்பதை நினைவில் கொள்ளுதல் நலம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் உறுதியானால், வழக்கமான காலத்தினும் சற்று நீண்ட சிகிச்சை தேவைப்படலாம் என்பதும் ஆராய்ச்சியால் அறியப்பட்டது. அதனை முடிவு செய்பவர் மருத்துவர். ஆனால் நோயாளியின் பழைய தொழில் அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அம்முடிவுக்கே இடமுண்டு.

வாயிலோடு நின்ற பரிசோதனை

இந்தியச் சுரங்க விதிகளின்படி, பணியில் சேரும்போது ஒருமுறையும் பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் தொழிலாளரின் மார்பு பரிசோதிக்கப்பட வேண்டியிருந்தது. விதி நன்றே. ஆயினும் அது பணியில் உள்ளவரையே நோக்கி இயற்றப்பட்டது. சிலிகோசிஸோ பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் நோய். நோய் தன் முகத்தைக் காட்டத் தொடங்கும் வயதில் தொழிலாளி சுரங்கத்தின் வாயிலைக் கடந்து வெளியே நின்றார். பரிசோதனை வாயிலுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வாயிலும் இல்லாமற்போயிற்று.

இதே தொழிலைச் செய்த மற்றொரு நாடு வேறு வழியைத் தேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்கத் தொழிலை விட்டவருக்கும் வாழ்நாள் முழுவதும் ஈராண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை பெறும் உரிமையை அளித்தது. சட்டத்தில் எழுதியது கிராமத்தை எட்டுவது அங்கும் எளிதாக இருக்கவில்லை. எனினும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, சிலிகோசிஸ் உற்ற தங்கச் சுரங்கத் தொழிலாளருக்கும், சுரங்கப் பணியோடு தொடர்புடைய காசநோய் உற்றோருக்கும் இழப்பீட்டு நிதி அமைக்கப்பட்டது. இந்தியாவிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் மட்டுமன்றி, சிலிகோசிஸை அடிப்படைக் காரணமாகக் கொண்ட சிலிகோ-காசநோயும் தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டது. ராஜஸ்தான் மாநிலம் 2019இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

சுரங்கத் தொழிலாளரின் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 1990ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலையே பதிவு அலுவலகமாகக் கொண்டு நிறுவப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. 2019இல் அதனை ஆமதாபாத்தில் உள்ள தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு இணைக்க முடிவாயிற்று. அறிவு இந்த மண்ணிலே பிறந்தது. அதன் பயன் இந்த மண்ணின் முதியோருக்குக் கிடைப்பதே முறை. முன்னாள் சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும், அவர் இன்று தங்கவயலில் வாழ்ந்தாலும், வேலூரிலோ திருப்பத்தூரிலோ தம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தாலும், ஈராண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் கிடைத்தல் வேண்டும். இது கருணையன்று, கடன்.

எழக்கூடிய தடைகள்

மூடிய சுரங்கத்தைப் பற்றி இன்று பேசுவதால் பயன் என்ன என்று சிலர் வினவக்கூடும். 2001ஆம் ஆண்டில் முப்பது வயதினராயிருந்த தொழிலாளி இன்று ஐம்பதைக் கடந்தவர். இன்னும் பல்லாண்டு வாழ உரியவர். அவர் நுரையீரலில் சுரங்கம் மூடப்படவில்லை. மேலும், சுரங்கம் மூடிய பின் பலர் வேறு வேலை தேடினர். மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பல்லாயிரவர். அவருள் கட்டட வேலைக்குச் செல்வோரும் உண்டு. கல் அறுப்பதிலும், தளத்துக்கு மெருகிடுவதிலும், சிமெண்டுச் சுவரில் துளையிடுவதிலும் எழும் தூசி அதே சிலிக்காவே. தந்தை பூமிக்கடியில் சுவாசித்ததை மகன் பத்தாம் மாடியில் சுவாசிக்கிறான் என்றால், வினா பழையது எனக் கூறுவதற்கில்லை.

சிலிகோசிஸுக்கு மருந்தில்லாதபோது, அதனைக் கேட்டறிந்து நோயாளியை அஞ்சச் செய்வானேன் என்பது மற்றொரு தடை. சிலிகோசிஸுக்கு மருந்தில்லை என்பது உண்மையே. ஆனால் அதன்மேல் வரும் காசநோய்க்கு மருந்து உண்டு; அது வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. 2021ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தடுப்புச் சிகிச்சை நெறிமுறை, கிருமித் தொற்று உள்ளதா எனச் சோதித்துத் தடுப்பு மருந்து அளிக்கத்தக்கவர்களுள் சிலிகோசிஸ் உள்ளவரையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. ஆறு மாதம் நாள்தோறும் ஐசோநியாசிட் உட்கொள்வது ஒரு முறை. மூன்று மாதம் வாரம் ஒருமுறை இருமருந்தைச் சேர்த்து உட்கொள்வது மற்றொரு முறை. நோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்த பின்னரே இவை தரப்படும். நெறிமுறையில் பெயர் இருக்கிறது. நோயாளியின் சீட்டில் தொழில் எழுதப்படவில்லையாயின், அப்பெயருக்கு உரியவரை யார் கண்டுபிடிப்பது?

கள ஊழியர் கேட்கத்தக்கவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள எவரிடமும், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டு நிறுத்துதல் போதாது. ஓய்வுபெற்றவர் "ஒன்றும் செய்யவில்லை" என்றே விடை கூறுவார். "இதுவரை என்னென்ன வேலைகள் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதே சரியான முறை. சுரங்கம் என்ற விடை வந்தால், பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்:

1. பூமிக்கடியிலா, மேற்பரப்பிலா, பாறை பொடியாக்கும் ஆலையிலா எங்கு வேலை செய்தார்?
2. துளையிடுதல், வெடிவைத்தல், கல் வாருதல், மரம் முட்டுக்கொடுத்தல் ஆகியவற்றுள் எவ்வேலை? அவற்றுள் துளையிட்டோரைத் தனியே குறிக்க.
3. எத்தனை ஆண்டுகள்? எந்த ஆண்டில் விட்டார்?
4. அதன்பின் கல் குவாரி, ஜல்லி ஆலை, கட்டட வேலை, தளம் மெருகிடுதல் என எதிலேனும் ஈடுபட்டாரா?
5. முன்னர்க் காசநோய் மருந்து உட்கொண்டதுண்டா? எத்தனை முறை?
6. நீரிழிவு, புகை, ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடைக் குறைவு ஆகியவற்றுள் எவை உண்டு?

இவற்றைக் கேட்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பழைய பணி அட்டை, ஊதியச் சீட்டு, மருத்துவச் சீட்டு எதுவாயினும் வீட்டில் இருந்தால், அதனைப் பாதுகாத்து வைக்குமாறு கூறுதல் நன்று. இழப்பீடு கோரும் நாளில் அக்காகிதமே சாட்சியாகும். தொழில் வரலாற்றைப் பரிந்துரைச் சீட்டின் முதல் வரியில் எழுதுதல் வேண்டும். எக்ஸ்-ரே படத்தைக் காணும் மருத்துவர் அவ்வரியை முதலில் காண்பாராயின், நிழலை வேறு கண்ணோடு நோக்குவார். சிலிகோசிஸ் உறுதியானவருக்கு நிமோனியாத் தடுப்பூசியும், இன்ஃபுளுயன்சாத் தடுப்பூசியும் பற்றி மருத்துவரிடம் கேட்குமாறு நினைவூட்டலாம்.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

பள்ளி ஆசிரியர் மருத்துவரல்லர். ஆயினும் ஒரு குடும்பத்தின் செய்தியைக் குழந்தையின் வாயிலாக முதலில் அறிபவர் அவரே. தாத்தா இரவெல்லாம் இருமுகிறார் என்று குழந்தை கூறும்போது, அதனைக் கள ஊழியரின் காதில் இடுவது ஆசிரியரால் இயலும். குழந்தைக்கே நீடித்த இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடை கூடாமையோ காணப்பட்டால் காலந்தாழ்த்தலாகாது.

இதனினும் அரிய பணி ஒன்று ஆசிரியருக்கு உண்டு. சுரங்கத்து இருமல் குறித்த நாணம் பல குடும்பங்களில் ஊறியிருக்கிறது. காசநோய் என்ற சொல்லைக் கேட்டால் திருமணம் தடைபடும், அண்டை வீட்டார் விலகுவர் என்னும் அச்சத்தால் நோயை மறைப்போர் உளர். தாத்தாவின் நோய் அவர் செய்த குற்றத்தின் விளைவன்று, செய்த உழைப்பின் விளைவு என்பதை வகுப்பறையில் அறிவியல் பாடமாகவே கற்பித்துவிடலாம். குவார்ட்ஸ் என்றால் என்ன, அதன் தூசி எத்துணை நுண்ணியது, விழுங்கணு எவ்வாறு பணிபுரிகிறது, காசநோய்க் கிருமி எவ்வாறு பரவுகிறது, மருந்து தொடங்கிய பின் தொற்றும் தன்மை எவ்வாறு குறைகிறது என்பனவெல்லாம் பாடத்துக்கு உரியவையே. ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகள், ஆலையில் பொடியாக்கப்பட்டுத் தங்கம் பிரித்தெடுக்கப்பட்ட பாறையின் மிச்சம் என்பதும், பலத்த காற்று வீசும் நாள்களில் அங்கு விளையாடாதிருப்பதே நல்லது என்பதும் குழந்தைகள் அறியத்தக்கவை.

முடிவாக

காசநோயை வெல்ல வேண்டும் என்னும் தேசிய முயற்சியில் புதிய சோதனைக் கருவிகளும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. அவற்றின் அருமையை எவரும் குறைத்துக் கூற முடியாது. ஆனால் உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர் என்னும் நிலை நீங்க வேண்டுமானால், கிருமியைத் தேடுவதோடு, கிருமிக்கு இடங்கொடுத்த உடலின் வரலாற்றையும் தேடுதல் வேண்டும். அவ்வரலாற்றின் பெரும்பகுதி உழைப்பின் வரலாறே. எச்.ஐ.வி.யையும் நீரிழிவையும் கேட்டறியக் கற்ற கள ஊழியர், தூசியையும் கேட்டறியக் கற்பது கடினமன்று. அதற்குக் கருவி வேண்டியதில்லை, செலவும் இல்லை. ஒரு வினாவும், விடையை எழுதிக்கொள்ள ஒரு வரியும் போதும்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தங்கம் மேலே வந்துவிட்டது. அதனை எடுத்தவரின் நுரையீரலில் சென்ற தூசி அங்கேயே தங்கிவிட்டது. அதனை அகற்றுவது மருத்துவத்தால் இன்று இயலாது. அத்தூசியின்மேல் கிருமி வேரூன்றாமல் காப்பதும், ஊன்றியதை உரிய காலத்தில் கண்டு களைவதும் இயலும். இயல்வதைச் செய்யாமல் விடுவதற்கு எவ்விதச் சமாதானமும் இல்லை.